“ஒழுகுதுன்னு தூக்கிப் போட்டேன்!” - திண்டுக்கல்லில் ஒரு ஹெரால்டு கார் மறுபடி எழுந்து நின்ற கதை

வத்தலக்குண்டு சாலையில் ஒரு கல்யாணம். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, தாம்பூலப் பையோடு கணவனும் மனைவியும் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீடு கண்ணுக்குத் தெரிகிறது. தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தார் அவர். ‘டொக்’ என்று ஒரு சத்தம். காரின் இடது முன்பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், மாடு முன்னங்காலை மடக்கிப் படுத்த மாதிரி சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது.

நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் போயிருப்பார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தெருப் பையன்கள் கூடி, வண்டியைத் தூக்கிப் பிடித்து, கட்டைப் பலகை வைத்து வாசலுக்குள் தள்ளிக் கொடுத்தார்கள். அதுவரை வாய் திறக்காமல் நின்ற மனைவி அப்போதுதான் கேட்டார்.

“ஏங்க, போன ஞாயித்துக்கிழமை இதே வண்டியிலதான சிறுமலையில இருந்து எறங்குனோம்?”

சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அவரிடம் பதில் இல்லை.

அவருக்கு 61 வயது. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கார், 1969-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவருடைய அப்பா புகையிலைத் தரகர். வேடசந்தூர் பக்கம் காடு காடாகச் சுற்றுவதற்காக 1974-ல் இரண்டாவது கையாக வாங்கியது. திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1985-ல். வண்டி அதற்கும் மூத்தது. அதன் நம்பர் பிளேட்டில் இன்னும் பழைய மதுரை மாவட்டத்து எழுத்துகள்தான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஹெரால்டு என்றால் தெரியாது. ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் மூன்றே முகங்கள்தான் பெரும்பாலும் தெரியும். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், நம் சென்னையிலிருந்து ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த காரை, 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ சென்னையில் தயாரித்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் அது கடைசிவரை இரண்டு கதவு கார்தான். நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உருவானது. ‘மாமியார், நாத்தனார் எல்லாரும் ஏறணுமே’ என்று யாரோ யோசித்திருக்க வேண்டும்!

அந்தக் காருக்கு இரண்டு விசேஷங்கள். பானெட் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்கோடு முன்பக்கமாகச் சாயும். இன்ஜின் மட்டுமல்ல, முன் சக்கரத்தின் மொத்தக் குடும்பமும் கண் முன்னால் வந்து நிற்கும். இரண்டாவது, அது வளைகிற வளைவு. 25 அடி அகலம் இருந்தால் போதும், ஒரே திருப்பில் முழு வட்டம் போட்டுவிடும். திண்டுக்கல் சந்துகளுக்காகவே செய்த மாதிரி இருக்கும். ஆனால், அப்படி ஒடித்துத் திருப்பும்போதுதான் அன்றைக்குச் சக்கரம் விழுந்தது.

“எடைக்குப் போட்டுருங்க. இனி நானும் ஏற மாட்டேன், பொண்ணையும் ஏத்த விட மாட்டேன்” என்று மனைவி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கம் பக்கத்தில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த பதில் ஒன்றுதான். “அம்பது வருஷ இரும்பு. வயசாயிருச்சு. என்ன பண்றது?”

பழைய இரும்புக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவு மகள் சொன்னாள். “அப்பா, ஏன் உடைஞ்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு விப்போம்பா.” மகளுக்கு 26 வயது. நூற்பாலையில் தரம் பார்க்கிற வேலை. நூல் ஏன் அறுந்தது என்று கேட்டுக் கேட்டே பழகியவள்.

அப்படித்தான் வேப்பமரத்தடியில் வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். இரண்டு ஜாக்கி, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, அதுவும் வழுக்கினால் இருக்கட்டும் என்று பக்கத்தில் இரண்டு தண்டவாளக் கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது என்பது மகள் போட்ட சட்டம். கழற்றுகிற ஒவ்வொன்றையும் முதலில் செல்போனில் படம் எடுத்தாள். போல்ட், நட்டு, தகடு எல்லாம் பழைய டிபன் பாக்ஸ்களுக்குள் போயின. இடது பக்கத்துக்கு ஒரு பாக்ஸ், வலது பக்கத்துக்கு ஒன்று. கீழ் ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்தில் மெல்லிய தகடுகள் சொருகியிருக்கும். சக்கரத்தின் சாய்மானத்தைத் தீர்மானிப்பவை அவை. எந்த இடத்தில் எத்தனை என்று எண்ணி வைக்காவிட்டால் பிறகு திண்டாட்டம்தான்.

ஹெரால்டின் முன் சக்கரம் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். இரண்டுக்கும் நடுவில் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக நிற்பது ஒரு எஃகுத் தண்டு. அந்தத் தண்டின் மேல்முனையில் பால் ஜாயின்ட். அடிமுனையில்தான் சூட்சுமம். அங்கே தண்டில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கிண்ணத்துக்குள் திருகி இறங்கியிருக்கும். டிரன்னியன் என்று அதற்குப் பெயர். நட்டுக்குள் போல்ட் சுற்றுவது மாதிரி, நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த எஃகு மரை வெண்கல மரைக்குள் சுற்றும். ஒரு பக்கச் சக்கரத்துக்குச் சாதாரண மரை, மறு பக்கத்துக்கு இடது மரை. காரின் முன்பாரத்தில் ஒரு பங்கு எப்போதும் அந்த மரையில்தான் தொங்குகிறது.

உடைந்திருந்தது அதுதான். வெண்கலக் கிண்ணத்தின் வாய்க்குச் சற்று உள்ளே, மரை தொடங்குகிற இடத்தில், கரும்பை ஒடித்த மாதிரி.

மிச்சத்தைக் கழற்றலாம் என்றால் கிண்ணத்தைக் கீழ் ஆர்முடன் சேர்க்கிற நீள போல்ட் அசையவில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது. சுத்தியலால் நாலு போடு போட்டார். போல்ட்டின் தலைதான் மழுங்கியது. கடைசியில் ஆர்மையும் கிண்ணத்தையும் சேர்த்தே கழற்றி, சாக்கில் சுற்றி, தெரிந்த ஒரு பூட்டுப் பட்டறைக்குத் தூக்கிப் போனார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். பட்டறைகளில் ஆள் கூடவில்லை. இந்தப் பட்டறையில் இருந்தவர் எண்பதை நெருங்கும் பெரியவர். மாங்காய்ப் பூட்டு செய்த கை. சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எதுக்கு தம்பி இதைப் போட்டு அடிச்சீங்க? வெச்சுட்டுப் போங்க” என்றார். டீசலும் எண்ணெயும் கலந்த டப்பாவில் இரண்டு நாள் ஊறப் போட்டார். மூன்றாம் நாள், இலேசாகச் சூடு காட்டி, மரச்சுத்தியால் தட்டி, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஒரு மணி நேரம். போல்ட் வந்தது. ஆனால் பெரியவர் போல்ட்டைப் பார்க்கவில்லை. கிண்ணத்துக்குள் விரலைவிட்டுச் சுரண்டினார். மஞ்சளும் பழுப்புமாக ஏதோ கட்டியாக வந்தது.

“என்ன இது, சந்தனம் மாதிரி காஞ்சு கெடக்கு?”

“கிரீஸ்ங்கய்யா.”

“பூட்டுக்குள்ள நாங்க கிரீஸ் வெக்கவே மாட்டோம் தம்பி. காஞ்சு போயி தூசியைப் பிடிச்சு வெச்சுக்கிரும். எண்ணெய் ஒரு சொட்டுதான்.”

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூலி கேட்டதற்கு டீக்குக் காசு கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் காரின் பழைய கையேட்டைத் தேடி எடுத்தாள். தாத்தாவின் கை அழுக்கு படிந்த ஆங்கிலப் புத்தகம். முன் சக்கரத்துப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. டிரன்னியனுக்குக் கெட்டியான கியர் ஆயில், கிரீஸ் அல்ல. அடியில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, ஒரு நிப்பிளை மாட்டி, கிரீஸ் கன்னில் எண்ணெயை நிரப்பி, மேலே கசிகிற வரை அடிக்க வேண்டும். மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. எண்ணெய் அதில் ஏறும், ஓடும், அடியில் தேங்கி நிற்கும். கிரீஸ் நுழைவாயிலிலேயே நின்றுவிடும். காலப்போக்கில் காய்ந்து வழியை அடைக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று எஃகைத் தின்னும்.

படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு, அவருடைய அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பார். கையில் ஒரு பழைய கிரீஸ் கன். அதன் மூக்கிலிருந்து எப்போதும் எண்ணெய் சொட்டிக்கொண்டிருக்கும். 2003-ல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த கன் கிடைத்தது. உள்ளே கிரீஸ் இல்லை, ஏதோ கறுப்பு எண்ணெய். கையெல்லாம் ஒழுகியது. ‘கெட்டுப்போன கன்’ என்று பழைய இரும்போடு போட்டுவிட்டார். புதிதாக ஒன்று வாங்கினார். நல்ல கிரீஸாகப் பார்த்து வாங்கினார். தவறாமல் அடித்தார். அம்பாசடருக்கு கிரீஸ் அடித்துப் பழகிய மெக்கானிக்குகளும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. இருபது வருடம், ஒரு மாதம் விடாமல் அக்கறையாகச் செய்த வேலை அது.

வயதான இரும்பு தானாக முறியவில்லை.

இதை மனைவியிடம் சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம், முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே சொன்னார். கன் கதை, கிரீஸ் கதை, எல்லாம். மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்போ வண்டி மேல தப்பு இல்ல.”

“இல்ல.”

“மாமா ஓட்டுனப்ப ஒரு நாளும் இப்படி ஆகல. அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.” முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எடைக்குப் போடுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. ஏறுகிறேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்து, புதுத் தண்டு வேண்டும். லேத் பட்டறைக்காரர் உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “இதுக்கா அலையுறீங்க? கம்பி சேத்து வெல்டு வெச்சு, கடைஞ்சு, புது மரை வெட்டித் தர்றேன். சாயங்காலம் வாங்கண்ணே.” சொன்ன கூலியும் ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடுகிற காசுதான். நியாயமாகச் சொன்னால் அவர் மனசு சாய்ந்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னபோது மகள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“வெல்டு வெச்ச தண்டுல அம்மாவை உக்கார வெப்பீங்களாப்பா?”

அந்தத் தண்டு அடித்து உருவாக்கிய எஃகு. வெல்டு வைத்த சூட்டில் பக்கத்து உலோகத்தின் குணம் மாறிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும். விரிசல் எப்போது, எந்த வளைவில் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சைலன்ஸருக்கு வெல்டு வைக்கலாம், பம்பருக்கு வைக்கலாம். சக்கரத்தைப் பிடித்து நிற்கிற தண்டுக்கு வைப்பது வண்டிக்கு மட்டுமல்ல, எதிரே வருகிற டூ வீலர்காரருக்கும் செய்கிற துரோகம்.

உடையாத வலது பக்கத்தையும் கழற்றி, டீசலில் கழுவி வெயிலில் வைத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மில்லில் நூலைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து மரையைச் சுற்றிப் பார்த்தாள் மகள். ஊசி குத்திய மாதிரி துருப்பள்ளங்கள், வரிசையாக. அந்தப் பக்கமும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போனார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற அந்தச் சந்துகளில் கிடைக்காதது உண்டா? இரண்டு தண்டுகள் கிடைக்கவும் செய்தன. பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டு போயிருந்தார். இரண்டிலும் அதே பள்ளங்கள். அவற்றுக்கும் யாரோ அக்கறையாக கிரீஸ் அடித்திருக்கிறார்கள்.

நல்லவேளை, ஹெரால்டு அனாதை இல்லை. இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே முன்பாகத்தில்தான் ஓடியது. லோட்டஸ் நிறுவனத்தின் கார்கள்கூட டிரையம்ப்பின் இந்தச் செங்குத்துத் தண்டைக் கடன் வாங்கின. அதனால் அங்கே இந்த உதிரி பாகங்களைப் புதிதாகவே செய்கிறார்கள். இரண்டு தண்டு, இரண்டு வெண்கலக் கிண்ணம், பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் செட். விலையும் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து அந்த மாதப் பென்ஷனைத் துடைத்துக்கொண்டு போயின. பார்சல் வர ஐந்து வாரம். அதுவரை வண்டி நின்ற இடத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் குடியிருந்தன.

ஒரே ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யவில்லை. ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டுமானால் காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக் கழற்ற வேண்டும். கயிற்றால் கட்டிச் செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நழுவினால் ஆளை அடித்துப் போடுகிற பலம் அதில் சுருண்டு கிடக்கிறது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே உருப்படியாகக் கழற்றி, அதற்கான கருவி இருக்கிற பட்டறையில் கொடுத்து வாங்கினார்கள். காசு போனாலும் விரல் மிச்சம்.

மற்றதெல்லாம் வேப்பமரத்தடியில்தான். பழைய புஷ்களை வைஸில் வைத்துப் பிதுக்கித் தள்ள ஒரு நாள். ஆர்ம்களைத் துரு நீக்கிக் கறுப்பு பெயின்ட் அடிக்க ஒரு நாள். புதுத் தண்டைக் கிண்ணத்துக்குள் கடைசி வரை திருகி, பிறகு ஒரு சுற்றுக்குள் தளர்த்தி நிறுத்த வேண்டும். இறுக்கி விட்டால், முழுக்க ஒடிக்கும்போது மரை முட்டும். இடது, வலது மாறிவிடாமல் இருக்கக் கிண்ணங்களில் சாக்பீஸால் எழுதி வைத்தாள் மகள். வீல் பேரிங்குகளைக் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி அழுத்தி நிரப்பினார் அவர். ஆமாம், அங்கே கிரீஸ்தான் வேண்டும். “இங்கயாவது நான் வாங்குனது பிரயோஜனப்படட்டும்” என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மகள் சொல்கிறாள்.

நடுவில் ஒரு சறுக்கல். எல்லாவற்றையும் மாட்டி, வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை முழு மூச்சாக இறுக்கிவிட்டார். சக்கரம் தொங்குகிற நிலையில் ரப்பர் புஷ்ஷைக் கவ்விப் பிடித்தால், வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. கையேட்டில் அதுவும் இருந்தது. மறுபடி எல்லாம் தளர்த்தி, வண்டியை இறக்கி, நாலு முறை அமுக்கி ஆட்டி உட்கார வைத்து, மறுபடி இறுக்கினார்கள். இந்த முறை ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார்.

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கக் கொத்தனார் நூலை வண்டியின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். பிறகு அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துச் சொன்னதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

முதல் ஓட்டம், ஆள் இல்லாத ஒரு மைதானத்தில். தனியாக அவர் மட்டும். இடது பக்கம் முழுக்க ஒடித்து ஒரு வட்டம், வலது பக்கம் ஒடித்து ஒரு வட்டம். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிற பையன் மாதிரி இருபது தடவை. ஸ்டீயரிங் ஒற்றை விரலில் திரும்பியது. முன்பெல்லாம் தோள் வலிக்கத் திருப்பியதை, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது வாரம் மகளோடு ஆத்தூர் காமராஜர் அணை வரை போய் வந்தார். வந்ததும் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். மூன்றாவது வாரமும் அப்படியே. மனைவியை அவர் கூப்பிடவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கையில் புது கன், உள்ளே கியர் ஆயில். மேலே கசிந்து வருகிற வரை அடித்துவிட்டு எழுந்தபோது, பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தார். புதுச் சேலை. கையில் பழநிக்குக் கொண்டு போகும் கூடை.

சக்கரத்துக்கு அடியில் எண்ணெய் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று சிமென்ட் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

“ஒழுகுதே?”

“ஒழுகணும்.”

ஒரு பழைய பேப்பரை எடுத்து வந்து அந்த இடத்தில் விரித்துப் போட்டுவிட்டு, முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார் அவர்.

“கையைக் கழுவிட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம்.”